நாமா, நாங்களா?

அந்தக் கடிதத்தில் எனக்குப் புரியாதவை ஐந்தே சொற்கள்.

பொன்னம்மா அக்கா அதை ஒரு முறத்தில் வைத்து, மேலே கொள்ளுப் பயறைப் பரப்பி, ஏதோ புடைக்க வந்தவள் போல எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்தாள். நல்ல உச்சி வெயில். கொள்ளுக்குள் விரலை விட்டு உறையை உருவி நீட்டினாள். அதில் கொள்ளுத் தூசி படிந்திருந்தது. தட்டிவிட்டு முகர்ந்தால் அடியில் வேறொரு வாடை, இனிப்பும் புளிப்புமாக. என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

"தம்பி, சத்தமா வாசிக்காதீக. எங்க அப்பா மாட்டுக் கொட்டத்துலதான் இருக்காக. மொதல்ல நான் தெரிஞ்சுக்கிறேன்."

சென்ற வாரம் இந்தத் தொடரில், பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் அரியக்குடியில் உட்கார்ந்திருந்த மாதங்களைப் பற்றி எழுதியிருந்தேன். தந்தி வந்தாலும் நோட்டீஸ் வந்தாலும் ஊரே என்னைத் தேடி வரும் என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டேன். அந்தப் பெருமை ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதை இந்த வாரம் எழுதியாக வேண்டும். முப்பது முப்பத்தைந்து வருஷங்களாக எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தது இது.

சமையற்காரர் போன வழி

பொன்னம்மா அக்கா எங்கள் எதிர்வீடு. விவசாயக் குடும்பம். அவள் புருஷன் ராமையா நல்ல சமையற்காரர். கல்யாணமான மறுவருஷமே, சிங்கப்பூரில் நகரத்தார் சேர்ந்து தங்கும் கிட்டங்கி ஒன்றில் சமைப்பதற்காகக் கப்பல் ஏறினார். அங்கிருந்து கடிதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பிறகு ஏதோ ஒரு சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் சேர்ந்துவிட்டதாக ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அப்படிக் கழிந்தது இரண்டு வருஷமா, மூன்றா, எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. அவள் தகப்பனார் சோலை மகளைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அவர்களுடைய சாதியில், புருஷன் திரும்பி வரவில்லையென்றால் பெரியவர்களைக் கூட்டிப் பழைய உறவைத் தீர்த்துவிட்டு வேறு ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கலாம். கொத்தமங்கலத்தில் வண்டி மாடு வைத்திருந்த ஒரு நல்ல மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆடி கழியட்டும். அதுக்குள்ள அவன்கிட்டருந்து ஒரு சேதி வரணும். இல்லேன்னா ஆவணியில தாலி" என்று சோலை சொல்லியிருந்தார்.

"வருவாக" என்று மட்டும் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். யார் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான்.

சேதி வந்தது. ஆனியில், ஹவாய் என்ற தீவிலிருந்து, கொள்ளுக்கு அடியில் ஒளிந்துகொண்டு.

மாடு கன்று போட்டதா?

கடிதத்தில் இருந்தது சுருக்கமாக இது. கப்பலில் எண்ணெய்ச் சட்டியோடு வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. அந்தத் தீவில் இறக்கி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. இப்போது அவ்வூர்க் குடும்பம் ஒன்றில் இருக்கிறார். வீட்டில் ஓர் அம்மாவும் அவர் மகளும். சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழாக்கிக் கொடுக்கிறார்கள். உப்பும் இல்லை, புளியும் இல்லை, ஆனாலும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது. எப்போது கப்பலில் இடம் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

பிறகு இப்படி எழுதியிருந்தார்: "இந்தக் கடுதாசியை யாரு வாசிப்பாகளோ, பக்கத்துல யாரு இருப்பாகளோ தெரியாது. அதனால கடைசி வரிய இந்த ஊர்ப் பாசையில எழுதியிருக்கேன். தெரிஞ்சவுக கிட்ட, ஒனக்கு மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கவும்."

அதன் கீழே, கோணல்மாணலான தமிழ் எழுத்தில்:

"ஆலோகா காவுவா. ஏ கலி மாய்."

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். அந்த நாளில் கடல் கடந்தவர்கள் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் எத்தனையோ வாசித்துக் காட்டியிருக்கிறேன். "இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்குப் பதில் எழுதவும்" என்று தொடங்கும். மாடு கன்று போட்டதா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மாமாவுக்கு இருமல் நின்றதா. "உன்மேல் பிரியமாயிருக்கிறேன்" என்று ஒரு கடிதத்திலும் நான் கண்டதில்லை. மூன்றாம் மனிதன் வாசிக்கப்போகும் காகிதத்தில் அதை எப்படி எழுதுவது? மாட்டைப் பற்றி இரண்டு தடவை விசாரித்திருந்தால் கேட்டுக்கொண்டிருக்கும் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். அவளுக்கு அது போதும்.

ராமையா அண்ணன் மாட்டை விட்டுவிட்டு வேறு வழி தேடியிருக்கிறார். அது எனக்குப் புரிந்தது. சொற்கள்தாம் புரியவில்லை.

"தெரியலக்கா" என்று சொன்னேன். அன்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "அடுத்த வாரம் ஒரு வேலை விஷயமா மெட்ராசுக்குப் போறேன். பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

கடிதம் வந்த விஷயம் எப்படியோ சோலைக்கும் தெரிந்துவிட்டது. கடைசி வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர், மாட்டுக் கயிற்றைக் கையில் வைத்தபடியே சிரித்தார்.

"கலிங்குறான், மாய்ங்குறான். மாமனுக்குச் சாபம் விட்டுருக்கானா?"

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் அக்கா. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

பட்டணத்துப் புத்தகம்

சென்னையில் வேலை கிடைக்கவில்லை. ஆனால் ஒரு நூலகத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் எழுதிய பழைய பயணப் புத்தகம் கிடைத்தது. பக்கங்களைப் புரட்டினால் செல் அரித்த தூள் மடியில் கொட்டியது. கடைசியில் அந்தத் தீவின் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் பட்டியல் இருந்தது.

பென்சிலால் எழுதிக்கொண்டேன். "ஆலோகா" என்றால் அன்பு. வரும்போதும் சொல்லலாம், போகும்போதும் சொல்லலாம். "காவுவா" என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று, யுத்தம். மற்றொன்று, இருவர் தங்களைச் சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் சொல். ஆங்கிலத்தில் "வீ டூ" என்று போட்டிருந்தது. யுத்தமாக இருக்க முடியாது என்று தள்ளினேன். "ஏ" என்பது சும்மா ஓர் அசைச்சொல். "கலி" என்றால் காத்திருத்தல். "மாய்" என்பதற்கும் இரண்டு பொருள்: இங்கே, அதாவது சொல்கிறவன் பக்கமாக; அல்லது, வேண்டாம்.

இருவர். அன்பு. காத்திருத்தல். பிறகு இங்கேயோ, வேண்டாமோ.

ரயிலில் ஊர் திரும்பும் வழியெல்லாம் இந்தச் சொற்களைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்துக் கலைத்து அடுக்கினேன். தமிழில் "காத்திருக்க வேண்டாம்" என்னும்போது வேண்டாம் கடைசியில்தானே வருகிறது? இங்கும் "மாய்" கடைசியில்தான் நிற்கிறது. ஆகவே வேண்டாம்தான். அப்படியென்றால் அந்த இருவர் யார்? கூழ் கொடுக்கும் வீட்டின் மகள் நினைவுக்கு வந்தாள். ஒன்றை இப்படி வைத்ததும் மற்றொன்றும் தானாகவே அதனோடு பொருந்திக்கொண்டது. கணக்குக்கு விடை வந்துவிட்ட மாணவனைப் போல எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. ஆம், சந்தோஷம்தான். அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

அந்தப் பாஷையில் "வேண்டாம்" என்ற பொருளில் வரும் "மாய்" வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் என்பதும், பின்னால் நின்றால் அது "என் பக்கமாக" என்று மட்டுமே பொருள்படும் என்பதும் பல வருஷங்களுக்குப் பிறகு ஓர் இலக்கணப் புத்தகத்தில் பார்த்தது.

அவள் கேட்ட கேள்வி

"ஒனக்கு மட்டும்" என்று எழுதியிருந்தார் அல்லவா? நான் அக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை.

சோலை வீட்டு முற்றத்தில் வைத்துச் சொன்னேன். சோலை இருந்தார், அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் இருந்தார்கள். மோர் கொடுத்தார்கள். சட்டைப் பையிலிருந்து கடிதத்தையும் என் குறிப்புத் தாளையும் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பாஷைகளைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம்கூடச் செய்தேன். வேலை கிடைக்காமல் திரும்பியவனுக்கு அப்படி ஒரு கூட்டம் தேவைப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது. அதுதான் காரணமா? சத்தியமாகத் தெரியவில்லை.

"அன்பு. நாங்க ரெண்டு பேரும். காத்திருக்க வேண்டாம். இதுதான் அர்த்தம்" என்றேன்.

சோலைதான் முதலில் பேசினார்.

"சேப்பங்கிழங்குக் கூழு எதுக்கு ஒத்துக்கிருச்சுன்னு இப்பல்ல தெரியுது."

யாரோ சிரித்தார்கள். அக்கா தூணில் சாய்ந்து நின்றிருந்தவள் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். என் கையிலிருந்த தாளையே பார்த்தாள்.

"தம்பி, அதுல 'நாங்க'ன்னு போட்டிருக்கா, 'நாம'ன்னு போட்டிருக்கா?"

இதைப் படிக்கிற உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'நாம' என்றால் கேட்கிறவளும் அதற்குள் இருக்கிறாள். 'நாங்க' என்றால் அவள் வெளியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பாதிரியாரின் பட்டியலில் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்தக் கணத்தில் அது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. எட்டு வருஷ இங்கிலீஷ் படிப்பில் எனக்குத் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியிருந்தது.

"தெரியலக்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்கதான் அக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கடிதத்தை வாங்கி நான்காக மடித்தாள். "அப்பா, ஆவணியிலயே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் மிச்ச மோரையும் குடித்துவிட்டு வந்தேன்.

நீங்கதான் வாசிச்சீகளா?

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. கொத்தமங்கலத்துக்குப் போய்விட்டாள். எனக்குக் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

அடுத்த வருஷமோ, அதற்கும் அடுத்ததோ, மாசி மாதத்தில் ஒருநாள் மத்தியான இடைவேளையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒருவர் நின்றிருந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். வெள்ளை டிரவுசர், மேலே கசங்கிய கோட்டு. கிட்டே வந்த பிறகுதான் ராமையா அண்ணன் என்று தெரிந்தது.

அவர் அரியக்குடிக்குப் போகவே இல்லை. ஸ்டேஷனில் இறங்கியதுமே பழக்கமான ஒருவர் கல்யாண விஷயத்தையும், நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பதையும் சொல்லிவிட்டாராம்.

"பரவால்ல தம்பி, எத்தன வருசந்தான் இருப்பா" என்றார். சிரிக்கப் பார்த்தார். "ஒன்னே ஒன்னு கேக்கணும். நான் அங்கருந்து போட்ட கடுதாசி கெடச்சுச்சான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"கெடச்சுது."

"யாரு வாசிச்சா?"

"நான்தாண்ணே."

அவர் முகம் தெளிந்தது. அதை என்னால் மறக்கவே முடியவில்லை.

"நீங்கதான் வாசிச்சீகளா? அப்பச் சரியாத்தான் வாசிச்சிருப்பீக. அந்தக் கடைசி வரி?"

"அது… யாருக்கும் புரியலண்ணே."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! அவர் வேப்பமர வேரின்மேல் உட்கார்ந்தார். காலை நீட்டித் தடவிக்கொண்டார்.

"புரியாதுதான். எனக்கே அந்த வீட்டு அம்மாதான் சொல்லிக் குடுத்தாக. பாருங்க தம்பி, அவுக பாசையில நம்மள மாதிரியே நாம வேற, நாங்க வேற. கப்பல்ல வெள்ளக்காரன்கிட்ட அதெல்லாம் கெடையாது. இதக் கேட்டதும் எனக்கு நம்ம ஊருக்கே வந்துட்ட மாதிரி இருந்துச்சு. அதுலயும், ரெண்டே பேருன்னா அதுக்குன்னு தனியா ஒரு 'நாம' வச்சிருக்காக. காவுவா. நீயும் நானும் மட்டும். மூணாவது ஆளு அதுக்குள்ள நுழைய முடியாது. அத நம்ம தமிழ்லகூடச் சொல்ல முடியாதுல்ல? அதான் எழுதுனேன். நமக்குள்ள பிரியம் இருக்கட்டும், எனக்காகக் காத்துக்கிட்டு இருன்னு."

நான் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புரிஞ்சிருந்தா இருந்திருப்பாளோ?" என்று கேட்டார்.

மணி அடித்தார்கள். "வகுப்பு இருக்குண்ணே" என்றேன்.

"போங்க போங்க. பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கும்" என்று எழுந்துகொண்டார். கோட்டுப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். அன்னாசிப்பழத் துண்டுகள். அவளுக்காகக் கொண்டுவந்தது என்று அவர் சொல்லவில்லை. சாயங்கால ரயிலில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். சிங்கப்பூருக்கு என்றார்கள். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

டப்பாவைத் திறந்தபோது, அன்று கடித உறையில் முகர்ந்த அதே வாடை வந்தது. சாப்பிட முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

கோவிலூர்ச் சாலையில்

நான் இங்கிலீஷ் வாத்தியார். வருஷா வருஷம் "வீ" என்ற சொல் பாடத்தில் வரும். வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "நாமன்னு எழுதணுமா, நாங்கள்னு எழுதணுமா சார்?" என்று கேட்கும். "இடத்தைப் பார்த்து எழுது" என்பேன். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஏழெட்டு வருஷம் அப்படிப் போனது. ஒருநாள் கோவிலூர் மடத்துக்குப் போய்விட்டு நடந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே தலையில் புல்லுக்கட்டோடு பொன்னம்மா அக்கா வந்தாள். புருஷனோடு கோவிலூர்ப் பக்கம் நிலம் பார்த்துக் குடிவந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. இரண்டு பிள்ளைகள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"என்ன வாத்தியார் தம்பி, இங்குட்டு? வீட்டுக்கு வராமப் போறீகளே."

நலம் விசாரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அல்லது அப்படித் தெரிந்தது. இதைச் சொல்லாமல் இருப்பது அவளுக்குச் செய்யும் துரோகம் என்று அன்று எனக்குத் தோன்றியது. அவளுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று இன்றைக்கும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சாலையோரத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், பென்சில், பட்டியல். அவள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது என்பதை. தெரியாமலே பதில் சொன்னதை. "காத்திருக்க வேண்டாம் இல்லக்கா. காத்திருன்னு எழுதியிருந்தாரு. நாங்க இல்ல, நாம" என்று சொன்னபோது என் குரல் உடைந்தது. அவள் குரல் உடையவில்லை.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"அவரேதான். வந்திருந்தாரு."

"வந்தாகளா?"

"ஒங்க கல்யாணத்துக்கு அப்புறம். பள்ளிக்கூடத்துக்கு."

"வந்தாகளா" என்று மறுபடியும் சொன்னாள். இப்போது அது கேள்வியாக இல்லை. "எப்பிடி இருந்தாக?"

"காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாரு."

அவள் சாலையைப் பார்த்தாள். எதிரே வந்த ஒரு மாட்டு வண்டிக்கு வழிவிட்டாள். அப்புறம் பேசியது வசவு அல்ல. வசவாக இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இத்தன வருசமும் அவுக மேல கோவமா இருந்தேன் தம்பி. அந்தக் கோவத்த வச்சுத்தான் இந்தக் குடித்தனத்த ஓட்டுனேன். இந்த மனுசன் தட்டுல சோத்தப் போடுறப்பல்லாம், என்ன வேணாம்னு போனேல்லன்னு அவுகள மனசுக்குள்ள கேட்டுக்குவேன். அதுல ஒரு தெம்பு இருந்துச்சு. இப்ப அதயும் வாங்கிக்கிட்டீக."

"அக்கா…"

"நீங்க எறக்கி வச்சிட்டீக. நான் எங்குட்டுப் போயி எறக்கி வைக்க?"

அப்போதுதான் பார்த்தேன். நான் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் புல்லுக்கட்டு அவள் தலைமேலேயே இருந்திருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்து, புல்லிலிருந்து ஈரம் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. இறக்கிவிடக் கையை நீட்டினேன்.

"வேணாம், விடுங்க" என்று ஒதுங்கினாள். "நேரமாச்சு. அவுக வந்துருவாக."

வேகமாக நடந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராமையா அண்ணன் எங்கிருந்து வருவார், எப்படி வருவார் என்று நடுச்சாலையில் திகைத்து நின்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், வயலிலிருந்து அவள் புருஷன் வீடு திரும்புவார் என்பது எனக்கு உறைக்க வெகுநேரம் ஆயிற்று.